பத்திரமா என்று யார் சொல்வது?

மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பிலோ முந்திரிக் காட்டிலோ ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டால் 108 வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே குப்பி குப்பியாக ஏற்றும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்தக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் விஷம் பெரும்பாலும் வடநெம்மேலியிலிருந்து போவது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதையடுத்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பு பிடிக்கும் பழங்குடியான இருளர்களின் பிழைப்பைப் பறித்த பிறகு, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து அவர்கள் கண்ட மாற்றுவழி அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்துவந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். 2023இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே இருளர் குடியிருப்பில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், மருத்துவமனைப் படியை மிதிப்பது கடைசி வழி. கைமருந்து, மூலிகை, தங்கள் தெய்வமான கன்னியம்மாளுக்கு வேண்டுதல், மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நாலு மாத்திரை எல்லாம் தீர்ந்த பிறகுதான் அந்தப் பேச்சே வரும். ஏன் இப்படி என்று கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை. எனக்கு இந்தப் பதிலில் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. விரியனின் வாயைத் திறந்து விஷம் எடுக்கிற கூட்டம் ஊசிக்குப் பயந்து ஓடுகிறது என்றால், அந்தப் பயம் ஊசியைப் பற்றியதாக இருக்க முடியாது.

நோயாளியின் பயத்தை நோயாளியின் குறையாக எழுதிவைக்காமல், மருத்துவமனை தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டியது என்று பார்த்த சிலர் இருந்தார்கள். அவர்கள் பெற்றெடுத்த கருத்துக்குச் செவிலியர் படிப்பில் இன்று 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று பெயர். அது ஓரிடத்தில் மட்டும் பிறக்கவில்லை. இரண்டு மூன்று இடங்களில், கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யாமல் பிறந்தது. அதில் ஓரிடம் நம் தமிழ்நாடு.

பழங்குடி என்றதும் நமக்கு மலைதான் ஞாபகம் வருகிறது. இருளர் நீலகிரியிலும் கோவைப் பக்கத்து மலைகளிலும் இருக்கிறார்கள். ஆனால் திருவள்ளூர், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் சமவெளியில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கழிமுகத்திலும் குடியிருப்பவர்கள் மிகப் பலர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டு இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு தமிழ்நாட்டில் தனியே பிரித்துவைத்த ஆறு குடிகளில் இருளரும் ஒன்று. மரக்காணம் வட்டாரத்தில் கழுவேலியின் உவர்நீரில் கையால் தடவி இறாலும் மீனும் பிடிப்பது, மரம் வெட்டுவது, செங்கல் சூளை, உப்பளம் என்று கிடைக்கிற கூலிக்குப் போகிறார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இருளர் இல்லை. இருளர் எல்லோரும் உப்பளத்துக்குப் போகிறவர்களும் இல்லை. ஆனால் அந்தக் கரையில் யாருடைய புண் மருத்துவமனைக்குக் கடைசியாக வந்து சேரும் என்று கேட்டால் அங்கே யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஒரு காட்சியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். குறிப்பிட்ட எந்த மருத்துவமனையிலும் நடந்ததாக இதைச் சொல்லவில்லை. பல இடத்துத் துண்டுகளை ஒட்டி நான் உண்டாக்கியது.

சித்திரை வெயில். பாத்தியில் உப்பு வாரும் வேலை உச்சத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கால் உவர்நீரில் ஊறி, பாதத்தில் வெடிப்பு விடும். வெடிப்பில் உப்பு இறங்கினால் புண் லேசில் ஆறாது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, கால் வீங்கி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் பெயர் கேட்கிறார்கள், சொல்கிறாள். ஊர் கேட்கிறார்கள், சொல்கிறாள். தெரு? ஏரிக்கரைப் புறம்போக்கில் நாலு குடிசைக்கு ஏது தெரு. "ஆதார் எடுத்தாந்தியா?" இல்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். உள்ளே போனால், "இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்த? கால அழுக விட்டுட்டா வருவ?" கேட்கிறவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். "அந்தப் பக்கம் தள்ளி நில்லு." மணிக்கட்டில், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கன்னியம்மாளைக் கும்பிட்டுக் கட்டிய கயிறு இருக்கிறது. டிரிப் போட இடைஞ்சல் என்று கத்தரிக்கோல் வருகிறது. கேட்கவில்லை, சொல்லவில்லை. கயிறு மருத்துவக் கழிவு வாளிக்குள் போகிறது.

இந்தக் காட்சியில் மருத்துவத் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறார்கள், டி.டி. ஊசி போட்டிருக்கிறார்கள், மாத்திரை சரியான அளவு. யாரும் கை நீட்டவில்லை, யாரும் காசு கேட்கவில்லை. அந்தப் பெண் மறுநாள் கட்டு மாற்ற வரமாட்டாள், அவ்வளவுதான். உள்நோயாளியாகச் சேர்த்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போயிருப்பாள். பதிவேட்டில் 'அப்ஸ்காண்டட்' என்று எழுதுவார்கள், தலைமறைவான குற்றவாளிக்கு எழுதுவதைப் போலவே.

போலீஸ் நினைப்பு இங்கே தற்செயலாக வரவில்லை. திருட்டு வழக்கில் ஆள் கிடைக்காவிட்டால் இருளர் குடியிருப்பில் போய்ப் பிடிக்கிற பழக்கம் விழுப்புரம் வட்டாரத்துக்குப் பழையது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று 1990களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானதே இப்படிப்பட்ட கொடுமைகளுக்கு எதிராகத்தான். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே தி.மண்டபத்து இருளப் பெண்கள் நால்வர் காவலர்கள்மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தது நாடறிந்த செய்தி. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் பிழைத்த சனத்துக்கு, காக்கிக்கும் வெள்ளைக்கும் பெரிய வித்தியாசம் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு பெயர், ஊர், அடையாள அட்டை கேட்கிற குரல் இரண்டிலும் ஒன்றுதான்.

இனி அந்தக் கருத்துப் பிறந்த கதைக்கு வருவோம்.

1988. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரிச் செவிலியர்களும் மாணவிகளும் கூடியிருந்தார்கள். மாவோரிப் பெண்கள் செவிலியர் படிப்புக்கு வருவதே குறைவு, வந்தாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று பேச்சு. முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். சட்டப்படி பாதுகாப்பு, அறநெறிப்படி பாதுகாப்பு, கைத்திறனில் பாதுகாப்பு என்று எங்களிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறீர்கள். பண்பாட்டுப் பாதுகாப்பு என்று ஒன்று வேண்டாமா என்கிற பொருள்படக் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். மாவோரி, செவிலியர், செவிலியர்களுக்குப் பாடம் நடத்துபவர்.

அன்றைய நியூசிலாந்து மருத்துவமனைகளில் மாவோரி நோயாளி எதற்கெல்லாம் கூசினார் என்று பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. மாவோரிக்குத் தலை புனிதம். தலைக்கு வைக்கிற தலையணையைக் காலுக்கோ இடுப்புக்கோ வைக்கக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற மேசையில் மலச்சட்டியை வைத்தால் பிறகு அந்த மேசையில் சோறு இறங்காது. பிரசவமானால் நஞ்சுக்கொடி சொந்த மண்ணுக்குள் போக வேண்டும். மருத்துவமனையோ அதைக் கழிவோடு சேர்த்து எரித்துவிடும். (நம் ஊர்ப் பாட்டிமாரும் நஞ்சுக்கொடியைக் கொல்லையில் புதைத்தவர்கள்தான். மருத்துவமனைப் பிரசவம் வந்ததும் அந்தப் பேச்சு சத்தமில்லாமல் நின்றுபோனது. யாரும் கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை.)

இதையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, செவிலியர்களை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. அமெரிக்காவில் மேடலின் லைனிங்கர் 1950களிலிருந்தே வளர்த்த பண்பாடு கடந்த செவிலியம் ஏறத்தாழ அந்த வழியில் போனது: செவிலியர் பிற பண்பாடுகளைக் கற்க வேண்டும், அதற்கேற்பப் பராமரிக்க வேண்டும். ராம்ஸ்டன் அங்கேதான் முரண்டு பிடித்தார். மாவோரிகள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. நிலத்தையும் மொழியையும் பிடுங்கியதில் வழக்கங்களைத் தொலைத்து நகரத்தில் வாழ்கிற மாவோரி, பட்டியலோடு வருகிற செவிலியருக்கு முன் இரண்டாம் முறை தோற்றவராக நிற்பார். ஆகவே செவிலியர் முதலில் படிக்க வேண்டியது நோயாளியை இல்லை, தன்னை. தான் எந்த இனம், எந்த வர்க்கம், தன் கையில் என்ன அதிகாரம், தனக்குள் என்ன வெறுப்பு. இரண்டாவது திருப்பம் இன்னும் கடினமானது. கொடுத்த பராமரிப்பு பத்திரமாக இருந்ததா என்பதைச் சொல்லும் உரிமை கொடுத்தவருக்குக் கிடையாது, பெற்றுக்கொண்டவருக்குத்தான். நான் மரியாதையாகத்தான் நடத்தினேன் என்று செவிலியர் சத்தியம் செய்தாலும் செல்லாது.

என் பார்வையில் மொத்தக் கதையின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. அன்பு, கனிவு, சேவை என்று நம் செவிலியர் விழா மேடைகளில் பேசப்படுவது எல்லாமே கொடுப்பவரின் குணத்தைப் பற்றியது. ராம்ஸ்டன் அதைத் தொடவே இல்லை. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியைத் தூக்கி நோயாளியின் கட்டில் பக்கம் போட்டுவிட்டார்.

1992இல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் இதைக் கட்டாயப் பாடமாக்கி, அரசு இறுதித் தேர்விலும் 20 விழுக்காடு ஒதுக்கியது. அடுத்த ஆண்டே வெடித்தது. இந்தப் பாடத்தைக் காட்டித் தன்னைப் படிப்பிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று கிறைஸ்ட்சர்ச் மாணவி ஒருவர் பத்திரிகைகளிடம் சொல்ல, நாடே இரண்டு பட்டது. ஊசி போடக் கற்றுக்கொடுங்கள், அரசியல் கற்றுக்கொடுக்காதீர்கள் என்கிற தொனியில் எதிர்ப்பு. 1995இல் நாடாளுமன்றக் குழு விசாரணைவரை போனது. மன்றம் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி எழுதியது, ஆனால் கருத்தைக் கைவிடவில்லை. மாவோரிக்கு மட்டும் என்றில்லாமல் வயது, பாலினம், தொழில், மதம், உடல் குறைபாடு என்று நோயாளி எந்த வகையில் வேறுபட்டவரானாலும் பொருந்தும் என்று விரிந்தது. ராம்ஸ்டன் இந்தக் கதை முழுவதையும் முனைவர் பட்ட ஆய்வாக எழுதி 2002இல் முடித்தார். அடுத்த ஆண்டு காலமானார். இன்று கனடா, ஆஸ்திரேலியச் செவிலியர் பாடங்களிலும் அவர் பெயர் இருக்கிறது.

இதே ஆண்டுகளில் நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரில், வேறு வழியாக இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் வாழும் பகுதி. பணியர் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமையாக இருந்தவர்கள். ஸ்டான் தெக்கேகராவும் மாரி தெக்கேகராவும் 1980களின் நடுவில் அங்கே போய் 'அக்கார்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் பிறந்தது. 1988 டிசம்பர் 5 அன்று நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். ஊரை ஒதுங்கி நடந்தே பழகியவர்கள் ஊருக்கு நடுவில் நடந்த நாள் அது. கிறைஸ்ட்சர்ச் கேள்வியும் அதே ஆண்டு.

நிலம் கேட்கிற சனம் செத்துக்கொண்டும் இருந்தது. பிரசவத்தில், குழந்தை வயிற்றுப்போக்கில், காசநோயில். 1987இல் மருத்துவத் தம்பதி தேவதாசனும் ரூபாவும் வந்து, குடியிருப்புகளிலேயே ஆதிவாசிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். குழந்தையை எடைபோடுவது, தடுப்பூசிக்குக் கூட்டிவருவது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது. இதெல்லாம் நன்றாகவே நடந்தது. சிக்கல் வந்தது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில்தான். போகச் சொன்னால் போகமாட்டார்கள். தெரியாத மொழி, அதட்டல், குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகப் படுக்கவைக்கிற கட்டில். வேறொரு அமைப்பாக இருந்தால் இங்கே ஒரு விழிப்புணர்வு முகாம் போட்டிருப்பார்கள். இவர்கள் மருத்துவமனையையே ஆதிவாசிகளுடையதாக ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

1990இல் 'அஸ்வினி' என்ற அமைப்பின்கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் அமெரிக்காவை விட்டு வந்து சேர்ந்தார்கள். செவிலியர்? சான்றிதழோடு வருகிறவர்களை வேலைக்கு வைப்பது சுலபம். அதை விட்டுவிட்டு, பள்ளிப்படிப்போடு நின்ற ஆதிவாசிப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, வார்டிலேயே வைத்துப் பழக்கினார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதிலிருந்து அறுவை அரங்கில் கருவி எடுத்துக்கொடுப்பதுவரை. 1992இல் சங்கத்து உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடும் வந்தது. பொதுத்துறையின் நியூ இந்தியா நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. ஏழைகளுக்கான காப்பீடு என்று நாடு பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முந்தி.

அந்த வார்டில் ஓர் இரவை மனதில் கொண்டுவந்து பாருங்கள். வலி எடுத்த பணியப் பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். இரவுப் பணியில் இருப்பவளும் பணியப் பெண். எந்தப் பாடி, யார் மகள் என்று முதலில் விசாரிப்பு. சுற்றிவளைத்து ஏதோ ஓர் உறவு வந்துவிடும். பேச்சு பணியர் மொழியில். மாமியார் காலடியில் உட்கார்ந்துகொள்கிறாள், யாரும் எழுப்பவில்லை. கயிறோ தாயத்தோ இருந்தால் அது என்ன, எதற்குக் கட்டியது என்று செவிலிக்குத் தெரியும். அகற்றியே தீர வேண்டுமென்றால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதும் தெரியும். இதில் எந்தப் பாடத்திட்டமும் இல்லை. ராம்ஸ்டன் செவிலியரை மாற்றப் பார்த்தார். கூடலூர்க்காரர்கள் யார் செவிலியர் என்பதையே மாற்றினார்கள்.

இப்படிச் செய்ததில் ஒரு நோவும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வார்டில் பழகிய கைக்கு வெளியே மதிப்புக் கிடையாது. செவிலியர் மன்றத்தில் பதிவு இல்லாமல் அந்தப் பெண்கள் இன்னொரு மருத்துவமனையில் போய் அதே வேலையைக் கேட்க முடியாது. பத்துப் பதினைந்து வருடம் பிரசவம் பார்த்தவளும் சட்டத்தின் கண்ணில் உதவியாளர்தான்.

கூடலூருக்குப் பின் 1993இல் தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் தொடங்கி, அந்த மலைவாழ் பெண்களையே செவிலியராகப் பழக்கி, ஒரு மருத்துவமனையை எழுப்பினார்கள். அவர்கள் போனபோது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டைத் தாண்டவில்லை. பிறகு அது இருபதுகளுக்கு இறங்கியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியிடம் கோண்டு மக்கள் நேராகவே சொல்லிவிட்டார்கள்: பெரிய கட்டடத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, உங்கள் ஆட்கள் வெள்ளைத் துணியில் வருகிறார்கள், நாங்கள் பிணத்துக்குத்தான் வெள்ளைத் துணி சுற்றுவோம். உறவுக்காரர் தங்க இடமில்லை என்பதும் குறை. அதனால் மருத்துவமனையைக் கோண்டு கிராமம் போலக் குடிசை குடிசையாகக் கட்டி, அவர்கள் தெய்வமான தந்தேஸ்வரியின் பெயரையே வைத்தார்கள். வெள்ளைத் துணி விஷயம் மருத்துவர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்திருக்காது.

கருத்து பிறந்துவிட்டது, பாடமாகிவிட்டது என்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. 2020 செப்டம்பர் 28 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜோலியெட் மருத்துவமனைக் கட்டிலில், அட்டிகமெக் பழங்குடியைச் சேர்ந்த ஜாய்ஸ் எச்சாக்வான், வயது 37, ஏழு குழந்தைகளின் தாய், வலியில் கதறியபடி தன் கைப்பேசியில் நேரலை போட்டார். பணியாளர்கள் அவரை இழிவாகப் பேசுவது அதில் பதிவானது. அன்றே இறந்துபோனார். அவர் சாவில் இனவெறிக்கும் பங்கு உண்டு என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பண்பாட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் எழுதிய நாடு அது.

மரக்காணம் கரைக்குத் திரும்பினால், இங்கே மருத்துவமனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மரக்காணத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் வண்டி ஏறினால் போய்ச் சேரும் தூரம். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனையில் நடக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வெயிலில் அலைந்து செய்கிற வேலையைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் ஆள் வந்தாரா என்பதை மட்டும் எண்ணுகின்றன. வந்தவரை எப்படிக் கூப்பிட்டார்கள், கூட யாரை விட்டார்கள், திரும்பி வர மனம் இருந்ததா என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. நோயாளிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால் அவர் எழுத ஒரு கட்டமாவது வேண்டுமே.

காசில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. தெருப் பெயர் இல்லாதவருக்கும் சீட்டுப் போடலாம். ஆதாரைப் பிறகு கேட்கலாம். பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று தமிழ்நாட்டில் ஆணை வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அதை இருளப் பெண்ணுக்கும் சேர்த்து நடைமுறைப்படுத்தலாம். பெரியவர்களை 'வாங்க' என்று கூப்பிடுவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கேரளத்தில் பழங்குடி நலத்துறை, பழங்குடி இளைஞர்களையே புரமோட்டர்களாக வைத்து, நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துவந்து கூட நிற்கச் செய்கிறது. அது போன்ற ஆள் ஒருவர், இருளர் ஒருவரே, புறநோயாளிப் பிரிவு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பாதிப் பயம் அங்கேயே கழன்றுவிடும்.

மிச்சப் பாதிக்குக் கூடலூர் வழிதான் என்று எனக்குப் படுகிறது, அதன் நோவு இல்லாமல். அதாவது ஓர் இருளப் பெண் முறையாகப் படித்து, செவிலியர் மன்றத்தில் பதிவு செய்து, இந்தக் கரையின் மருத்துவமனை ஒன்றில் பணிக்கு வர வேண்டும். அதற்கு அவள் பிளஸ் டூ முடிக்க வேண்டும். அதை முடிக்கிற பெண்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு 1 விழுக்காடு, நூறு இடத்தில் ஒன்று. அந்த ஒன்றைக் கேட்க இனச்சான்று வேண்டும்.

மற்றவர்களுக்கு வட்டாட்சியர் மட்டத்தில் முடிகிற காரியம் இது. பழங்குடியினருக்கு மட்டும் 1989 முதல் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அப்பாவுக்குச் சான்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்பா பள்ளிக்கூடமே போகாதவர். அவருக்குச் சான்று எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? பிறகு நேரில் விசாரணை, குடியிருப்பில் விசாரணை, வழக்கங்களைப் பற்றிக் கேள்வி. திண்டிவனத்து இருளர் சங்கம் இத்தனை ஆண்டுகளாக மனு எழுதியும் போராடியும் சான்று வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வரிசை தீர்வதாக இல்லை. பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. செவிலியர் படிப்புக்கான விண்ணப்பம் அதையடுத்துச் சில வாரங்களில் மூடிவிடுகிறது. விசாரணை முடிந்து கையெழுத்தாகி வருகிற சான்று, அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்குப் பயன்படும், அந்தப் பெண் அதற்குள் சூளைக்கோ உப்பளத்துக்கோ வேலைக்குப் போயிருக்காவிட்டால்.